பயிற்சிப் பாடம் உருவாக்கும் மென்பொருள்கள்: புதிதாக வருபவருக்கான வழிகாட்டி

நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தம் பணியாளர்களுக்குக் கணினி வழியாக அளிக்கும் பயிற்சிப் பாடங்களைத் திட்டமிட்டு உருவாக்குபவரை இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்கிறோம். ஆசிரியர் பணியிலிருந்தும், எழுத்துப் பணியிலிருந்தும், பதிப்புத் துறையிலிருந்தும் இந்தத் தொழிலுக்கு வருபவர்களை முதலில் மலைக்கவைப்பது வேலைவாய்ப்பு விளம்பரங்களில் வரும் மென்பொருள் பட்டியல்தான். ஸ்டோரிலைன், ரைஸ், கேப்டிவேட், கேம்டேசியா, ஸ்கார்ம், மூடுல், எச்5பி என்று நீளும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்குபவர், பல மாதங்கள் போன பிறகும் ஒரு முழுப் பாடத்தைக்கூட முடித்திருக்க மாட்டார். சிறியதாக ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, அந்தப் பாடம் எந்த இடத்தில் எந்தக் கருவியைக் கேட்கிறதோ அந்த வரிசையில் கற்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

எடுத்துக்காட்டாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டியைப் பராமரிக்கும் பணியாளருக்கான பத்து நிமிடப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நாள்தோறும் இருமுறை அதைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்துவிட்டால் பயன்படாது. பாடத்தின் பொருள் இவ்வளவுதான் என்றாலும், இந்தத் தொழிலின் முக்கியமான கருவிகள் அனைத்தையும் தொட்டுப் பார்க்க இது போதுமானது.

முதல் படி: செய்ய வேண்டிய செயலை எழுதுதல்

முதல் கருவி எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) பணியாளர் செய்ய வேண்டிய செயல், அடுத்ததில் அவர் வழக்கமாகத் தவறும் இடம், மூன்றாவதில் அந்தத் தவறினால் விளையும் கேடு, நான்காவதில் அதைப் பாடத்தில் எப்படிச் சோதிக்கப் போகிறோம் என்பது. துறை வல்லுநரிடம் பேசும்போது அவர் சொல்வதை இந்த நான்கு பத்திகளுக்குள் நிரப்பிக்கொண்டே வாருங்கள். குளிர்பெட்டி எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, எந்த நிறுவனம் தயாரித்தது போன்ற செய்திகள் இந்த அட்டவணையில் எங்கும் பொருந்தாமல் வெளியே நிற்பதைக் காண்பீர்கள். அவற்றைப் பாடத்திலிருந்து விட்டுவிடலாம். அழகான திரைகளைக் கொண்ட பல பயிற்சிப் பாடங்கள் பயனற்றுப் போவதற்குக் காரணம், இந்த அட்டவணையை எழுதாமலேயே திரையைத் திறந்து வேலையைத் தொடங்கியதுதான்.

இரண்டாம் படி: ஸ்டோரிபோர்டு

ஸ்டோரிபோர்டு என்பது பாடத்தின் ஒவ்வொரு திரையிலும் என்ன தெரியும், என்ன கேட்கும், கற்பவர் எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம். பெரும்பாலான நிறுவனங்கள் இதை வேர்டு அட்டவணையாகவோ பவர்பாயிண்ட் கோப்பாகவோ கேட்கின்றன. திரை எண், திரையில் தோன்றும் எழுத்து, பின்னணிக் குரல், படம் பற்றிய விளக்கம், கற்பவரின் செயல், உருவாக்குபவருக்கான குறிப்பு என்று ஆறு கட்டங்கள் இருந்தால் போதும்.

நம் பாடத்தின் ஒரு திரையை எழுதிப் பார்ப்போம். திரையில் வரும் எழுத்து: “காலை ஒன்பது மணி. குளிர்பெட்டியின் வெப்பமானி மைனஸ் 1 டிகிரி காட்டுகிறது. மருத்துவ அலுவலர் இன்னும் வரவில்லை. குழந்தைகளுடன் தாய்மார்கள் வெளியே காத்திருக்கிறார்கள். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?” கற்பவரின் செயல் என்ற கட்டத்தில் மூன்று விடைகளையும், ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தால் பாடம் எந்தத் திரைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவருக்கு “தவறு, மீண்டும் முயல்க” என்று மட்டும் காட்டாமல், அவர் எடுத்த முடிவின் விளைவைக் காட்டுவது நல்லது: உறைந்த மருந்து பார்வைக்கு வேறுபாடின்றி இருக்கலாம், குழந்தைக்கு ஊசியும் போடப்படும், ஆனால் அது எதிர்பார்த்த பாதுகாப்பைத் தராது.

இப்படிக் கிளை பிரியும் உரையாடல்களை வேர்டு கோப்பில் மட்டும் எழுதினால் விரைவில் குழப்பம் வரும். அதற்கு ட்வைன் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு திரையும் ஒரு பெட்டியாகவும், அவற்றுக்கிடையிலான இணைப்புகள் கோடுகளாகவும் தெரியும் என்பதால், எங்கும் இணையாமல் நிற்கும் கிளை உடனே கண்ணில் படும். துறை வல்லுநர் அதை உலாவியில் திறந்து விடைகளை அழுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் முடியும். அந்தக் கட்டத்தில் ஒரு திருத்தம் சில நிமிட வேலை. குரல் பதிவும் அனிமேஷனும் முடிந்த பிறகு அதே திருத்தத்துக்கு ஒரு நாள்கூட ஆகலாம்.

மூன்றாம் படி: வெற்றுப் பாடத்தை எல்எம்எஸ்ஸில் ஏற்றிப் பார்த்தல்

பெரும்பாலோர் இந்தப் படியைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் இதை இங்கேயே, எதையும் உருவாக்கும் முன்பே செய்யச் சொல்வேன். இரண்டே திரைகளும் ஒரே ஒரு கேள்வியும் கொண்ட வெற்றுப் பாடத்தை (இதற்கான மென்பொருள்கள் நான்காம் படியில் வருகின்றன) உருவாக்கி, அதை வெளியிட்டு, கற்பவர் உண்மையில் பயன்படுத்தப்போகும் எல்எம்எஸ்ஸில் ஏற்றி, மதிப்பெண் பதிவாகிறதா என்று பாருங்கள். எல்எம்எஸ் என்பது பாடங்களைச் சேமித்து, யார் எதை முடித்தார் என்பதைப் பதிவு செய்யும் கற்றல் மேலாண்மைத் தளம். மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட மூடுல், கல்லூரிகளிலும் அரசு நிறுவனங்களிலும் பரவலாக உள்ள திறந்த மூல எல்எம்எஸ். அதற்குத் தமிழ் மொழித் தொகுப்பும் உண்டு.

பாடத்துக்கும் எல்எம்எஸ்ஸுக்கும் இடையே தகவல் போக்குவரத்து நடக்கப் பொதுவான விதிமுறை தேவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டம் வகுத்த ஸ்கார்ம் என்பதுதான் அந்த விதிமுறை. 2001இல் வந்த ஸ்கார்ம் 1.2 பதிப்பு இன்றும் பல நிறுவனங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின் ஸ்கார்ம் 2004 வந்தது. 2013இல் எக்ஸ்ஏபிஐ என்ற புதிய விதிமுறை வந்தது. புதியவர் ஸ்கார்ம் 1.2ஐ நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் பிறகு எளிதாகப் பற்றிக்கொள்ளலாம்.

ஸ்கார்ம் பாடம் என்பது ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறந்து பார்த்தால் வலைப்பக்கங்களும் படங்களும் ஒலிக்கோப்புகளும், அவற்றோடு ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பும் இருக்கும். பாடத்தின் பெயர் என்ன, எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை எல்எம்எஸ் அந்தக் கோப்பைப் படித்துத்தான் அறிகிறது. அது ஜிப் கோப்பின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஏதோ ஒரு படத்தை மாற்றுவதற்காக ஜிப்பைப் பிரித்துவிட்டு, பிறகு ஃபோல்டரை அப்படியே மீண்டும் சுருக்குபவர்களின் கோப்பில் மேனிஃபெஸ்ட் ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்எம்எஸ் அதை ஏற்க மறுத்துவிடும். ஃபோல்டருக்குள் சென்று, எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, அங்கிருந்தே சுருக்க வேண்டும்.

அடுத்து, பாடம் ‘முடிந்தது’ என்று எப்போது பதிவாக வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஸ்கார்ம் 1.2இல் பாடத்தின் நிலையைக் குறிக்க ஒரே ஒரு புலம்தான் (தகவலை எழுதும் இடம்) உண்டு. முடித்தார், முடிக்கவில்லை என்பதும், தேறினார், தேறவில்லை என்பதும் அந்த ஒரே புலத்தில்தான் எழுதப்படுகின்றன. ஸ்கார்ம் 2004இல் இவை இரண்டு புலங்களாகப் பிரிக்கப்பட்டன. வெளியிடும்போது ‘தேறினார் / முடிக்கவில்லை’, ‘தேறினார் / தேறவில்லை’, ‘முடித்தார் / முடிக்கவில்லை’ போன்ற இணைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மென்பொருள் கேட்கும். ஒருமுறை தேர்வில் தவறியவர் மீண்டும் முயல வேண்டும் என்று நிறுவனம் விரும்பினால், முதல் இணை பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். இந்தக் கேள்வியைப் பயிற்சிப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரம்பையும் தெரிந்துகொள்வது அவசியம். கற்பவர் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கான தகவல், ஸ்கார்ம் 1.2இல் 4,096 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். திரைகளும் கேள்விகளும் மிகுந்த நீண்ட பாடத்தில் இந்த இடம் போதாமல் போகும். “இருபத்தைந்தாம் திரையில் நிறுத்தினேன், திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது” என்று ஒருவர் புகார் சொன்னால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். பாடத்தைச் சிறு பாடங்களாகப் பிரிப்பது அல்லது எல்எம்எஸ் இடம் கொடுத்தால் ஸ்கார்ம் 2004இன் நான்காம் பதிப்புக்கு மாறுவது இதற்கான தீர்வு.

சோதனைக்கு ரஸ்டிசி நிறுவனத்தின் ஸ்கார்ம் கிளவுட் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். பாடம் எல்எம்எஸ்ஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு தகவலையும் அங்கே வரிவரியாகப் பார்க்க முடியும். பாடம் அங்கே சரியாக ஓடி, நிறுவனத்தின் எல்எம்எஸ்ஸில் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் சிக்கல் எல்எம்எஸ் அமைப்பில் இருக்கிறது. ஆனாலும் நிறுவனத்தின் எல்எம்எஸ்ஸில் ஓடாதவரை உங்கள் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நான்காம் படி: உருவாக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

வேலை தேடுபவராக இருந்தால் ஆர்ட்டிகுலேட் நிறுவனத்தின் ஸ்டோரிலைனைக் கற்றுக்கொள்ளுங்கள். விளம்பரங்களில் மிகுதியாகக் கேட்கப்படுவது அதுதான். அது விண்டோஸ் கணினியில் மட்டும் இயங்கும். மேக் வைத்திருப்பவர் பேரலல்ஸ் போன்ற மென்பொருள் வழியாக விண்டோஸை நிறுவிக்கொள்ள வேண்டும். ஆண்டுச் சந்தா தனிநபருக்குப் பெருந்தொகை என்றாலும், 30 நாள் இலவசச் சோதனைக் காலம் உண்டு. ஸ்டோரிபோர்டு முழுவதையும் முடித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே அந்தக் காலத்தைத் தொடங்குங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் சோதனைக் காலத்தைத் தொடங்குபவருக்கு அது மெனுக்களைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

அதே சந்தாவில் வரும் ரைஸ் உலாவியிலேயே இயங்குவது. ஆயத்தமான பகுதிகளை அடுக்கிப் பாடம் செய்யலாம். கைபேசித் திரைக்குத் தானாகவே பொருந்திக்கொள்ளும். வாசித்து அறிய வேண்டிய செய்திகளுக்கு அது ஏற்றது. அடோபி கேப்டிவேட்டும் ஐஸ்பிரிங் சூட்டும் சில நிறுவனங்களில் புழங்குகின்றன. ஐஸ்பிரிங் பவர்பாயிண்ட்டுக்குள்ளேயே இயங்குவதால், பவர்பாயிண்ட் நன்கு தெரிந்தவருக்குச் சில நாள்களில் கைவந்துவிடும்.

பணம் செலவழிக்க இயலாதவர் எச்5பி என்ற இலவசக் கருவியில் தொடங்கலாம். கிளை பிரியும் சூழல், இடையில் கேள்வி தோன்றும் காணொளி, இழுத்துப் பொருத்தும் பயிற்சி எனப் பல வகைகள் அதில் ஆயத்தமாக உள்ளன. 2020இல் வந்த மூடுல் 3.9 முதல் அதை மூடுலின் உள்ளடக்க வங்கியிலேயே உருவாக்கிக்கொள்ள முடிகிறது. லூமி என்ற இலவச மென்பொருளை நிறுவினால் இணையம் இல்லாமலும் எச்5பி உருவாக்கி, ஸ்கார்ம் கோப்பாக மாற்றலாம். நம் குளிர்பெட்டிப் பாடத்தை முழுக்க முழுக்க எச்5பியிலேயே செய்து முடிக்க முடியும். மாதிரிப் பணியாக நேர்காணலில் காட்டுவதற்கும் அது தகுதியானதே.

ஐந்தாம் படி: ஸ்டோரிலைனில் நான்கு கருத்துகள்

ஸ்டோரிலைனின் திரை பவர்பாயிண்ட் போலவே தோன்றினாலும் அதன் வலிமை ஸ்டேட், லேயர், ட்ரிக்கர், வேரியபிள் என்ற நான்கில் இருக்கிறது. ஒரு பொருள் அழுத்தப்படும் முன்பும் பின்பும் எப்படித் தோன்றும் என்பது ஸ்டேட். அதே திரையின் மேல் தோன்றி மறையும் இன்னொரு அடுக்கு லேயர். எது நடந்தால் எது நடக்க வேண்டும் என்ற கட்டளை ட்ரிக்கர். பாடம் முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டிய தகவல் வேரியபிள்.

நம் பாடத்தில் குளிர்பெட்டியின் படத்தைச் செய்து, மூடிய நிலை, திறந்த நிலை என்று இரண்டு ஸ்டேட்களைக் கொடுங்கள். பெட்டியை அழுத்தினால் திறந்த நிலைக்கு மாறும்படி ஒரு ட்ரிக்கர் எழுதுங்கள். வெப்பமானியை அழுத்தினால் அளவைப் பெரிதாகக் காட்டும் லேயர் தோன்றட்டும். கற்பவர் வெப்பநிலையைப் பதிவேட்டில் குறித்தாரா என்பதை ‘பதிவு செய்தார்’ என்ற உண்மை-பொய் வகை வேரியபிளில் வைத்துக்கொண்டு, அது பொய்யாக இருக்கும்வரை அடுத்த திரைக்குப் போகும் பொத்தானை முடக்கி வையுங்கள். இந்த ஒரே திரையைப் பிழையின்றிச் செய்து முடித்தவருக்கு ஸ்டோரிலைனின் பெரும்பகுதி விளங்கிவிடும். ட்ரிக்கர்கள் எழுதப்பட்டிருக்கும் வரிசையிலேயே செயல்படுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். ‘அடுத்த திரைக்குச் செல்’ என்ற கட்டளை ‘வேரியபிளை மாற்று’ என்பதற்கு மேலே இருந்தால் இரண்டாவது கட்டளை நடைபெறாமல் போகலாம்.

கோப்பை எப்போதும் கணினியின் சொந்த வன்தட்டில் வைத்துத் திருத்துங்கள். நெட்வொர்க் டிரைவிலிருந்து நேரடியாகத் திறந்து வேலை செய்தால் கோப்பு பழுதடையும் வாய்ப்புண்டு. நாள் முடிவில் நகலை மட்டும் அங்கே ஏற்றுங்கள்.

தமிழில் பாடம் செய்பவர்களுக்கு

தமிழ்ப் பாடத்துக்கு வரும் மூல ஆவணங்கள் பெரும்பாலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டும், அலுவலகக் கோப்புகள் பல இன்னும் அப்படியே வருகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றிய உரையை ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்த பிறகே ஸ்டோரிபோர்டில் ஒட்ட வேண்டும்.

எந்த மென்பொருளானாலும், ‘கொ, கௌ, ணை, ஸ்ரீ, க்ஷ’ என்று ஒரு வரியை வெற்றுப் பாடத்தில் தட்டச்சு செய்து, வெளியிட்டு, கணினியிலும் கைபேசியிலும் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ, ‘ஸ்ரீ’ உடைந்து தெரிந்தாலோ அந்த மென்பொருளோ எழுத்துருவோ தமிழுக்கு ஏற்றதன்று. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துரு மெல்லியது, தடித்தது எனப் பல எடைகளில் கிடைப்பதால் தலைப்புக்கும் உரைக்கும் அது ஒன்றே போதும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கும்போது உரை நீளும். பொத்தான்களையும் பெட்டிகளையும் தொடக்கத்திலேயே அகலமாக அமையுங்கள். ஸ்டோரிலைனும் ரைஸும் மொழிபெயர்ப்புக்கென உரை முழுவதையும் எக்ஸ்எல்ஐஎஃப்எஃப் கோப்பாக வெளியே எடுத்து, மொழிபெயர்த்த பின் உள்ளே ஏற்றும் வசதியைத் தருகின்றன. திரைதிரையாக நகலெடுத்து ஒட்டுவதைவிட அது பாதுகாப்பானது.

ஆறாம் படி: குரலும் காணொளியும்

குரல் பதிவுக்கு ஆடாசிட்டி போதும். நல்ல ஒலிவாங்கியைவிட அமைதியான அறை முக்கியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலைகளும் துணிகளும் உள்ள சிறிய அறையில் பதிவு செய்யுங்கள். பேசத் தொடங்கும் முன் சில நொடிகள் எதுவும் பேசாமல் பதிவை ஓடவிடுங்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அறையின் இரைச்சலை ஆடாசிட்டிக்கு அடையாளம் காட்டினால், பதிவு முழுவதிலிருந்தும் அதைக் குறைத்துத் தரும். மூலத்தை டபிள்யுஏவி வடிவில் சேமித்து, பாடத்துக்கு மட்டும் எம்பி3 ஆக்குங்கள். ஒவ்வொரு திரைக்கும் தனிக்கோப்பு இருக்கட்டும்; கோப்பின் பெயர் ஸ்டோரிபோர்டின் திரை எண்ணாக இருக்கட்டும்.

இயந்திரக் குரல் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் அஷூர் சேவையில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்ற குரல்களும், இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார் என்ற குரல்களும் உள்ளன. எண்களையும் சுருக்கப் பெயர்களையும் அவை எப்படி உச்சரிக்கின்றன என்பதைக் கட்டாயம் கேட்டுச் சரிபாருங்கள். ஐயமிருந்தால் எழுத்தால் விரித்து எழுதிக் கொடுங்கள். குழந்தைகளின் உடல்நலம் சார்ந்த நம் பாடத்துக்கு, செவிலியர் ஒருவரின் உண்மைக் குரலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மென்பொருள் பயிற்சிகளுக்குத் திரைப்பதிவு தேவைப்படும். பதிவும் தொகுப்பும் ஒரே இடத்தில் வேண்டுமானால் கேம்டேசியா. இலவசமாக வேண்டுமானால் ஓபிஎஸ் ஸ்டூடியோ. ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவில் பதிவு செய்து பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொண்டால், இடையில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது தப்பும். வசன வரிக் கோப்புகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கத் தவறினால் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரியும்.

ஏழாம் படி: எல்லோருக்கும் எட்டுகிறதா என்று பார்த்தல்

சுட்டியைத் தொடாமல், டேப், என்டர் விசைகளை மட்டும் கொண்டு பாடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கடந்து பாருங்கள். எந்தத் திரையில் சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கே பார்வையற்றவரும் கைகளை எளிதாக அசைக்க இயலாதவரும் சிக்கிக்கொள்வார்கள். இழுத்துப் பொருத்தும் பயிற்சிக்கு, இழுக்காமலேயே செய்யக்கூடிய மாற்று வழி இருக்க வேண்டும் என்று இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கென 2023இல் வெளியான டபிள்யுசிஏஜி 2.2 வழிகாட்டுதல் கூறுகிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இளஞ்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைக்கும் வழக்கம் இந்தச் சோதனையில் தேறாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு பாடத்தைக் கேளுங்கள். படங்களுக்கு மாற்று உரை எழுதப்படாத இடங்களில் கோப்பின் பெயர் மட்டும் வாசிக்கப்படுவதைக் கேட்கும்போது, அந்த உரை ஏன் தேவை என்பது தெளிவாகும்.

எட்டாம் படி: கருத்துப் பெறுதலும் ஒப்படைப்பும்

துறை வல்லுநரின் கருத்துகள் மின்னஞ்சலில், தொலைபேசியில், வாட்ஸ்அப்பில் என்று சிதறி வந்தால் ஏதாவது ஒன்று விடுபடும். ஆர்ட்டிகுலேட் சந்தா இருந்தால் ரிவியூ என்ற தளத்தில் பாடத்தை ஏற்றி இணைப்பைக் கொடுங்கள்; அவர் எந்தத் திரையில் நின்று கருத்தை எழுதினாரோ அந்தத் திரையோடு சேர்ந்து அது பதிவாகும். சந்தா இல்லாதவர் திரை எண், கருத்து, எடுத்த நடவடிக்கை என்ற மூன்று பத்திகள் கொண்ட கூகுள் ஷீட்டைப் பகிரலாம். ஸ்டோரிபோர்டில் ஒருமுறை, முடிந்த பாடத்தில் ஒருமுறை என இரண்டு சுற்றுகள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முடிந்த பாடத்தை, வல்லுநரைத் தவிர, உண்மையில் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடமும் கொடுத்து, அருகில் அமர்ந்து எதுவும் சொல்லாமல் கவனியுங்கள்.

ஒப்படைக்கும்போது ஸ்கார்ம் ஜிப் கோப்போடு, திருத்தக்கூடிய மூலக் கோப்பு, ஸ்டோரிபோர்டின் இறுதி வடிவம், டபிள்யுஏவி ஒலிக்கோப்புகள், பயன்படுத்திய எழுத்துரு, படங்களின் உரிம விவரம் ஆகியவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக் கொடுங்கள். ஸ்கார்மின் எந்தப் பதிப்பு, தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு, எந்த நிலை இணை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை அரைப்பக்கக் குறிப்பாக எழுதி அதனுடன் சேருங்கள். தடுப்பூசி வழிகாட்டுதல் மாறும்போது அந்தப் பாடத்தைத் திறந்து திருத்தப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.